கால் சுற்று கூடுதல்

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கையில் கொடுத்தால் போதும், சுட்டவனின் குணத்தையே சொல்லிவிடுவார் பூதக்கண்ணாடி. சொல்லிவிடுவதாக அவருக்கு நினைப்பு. துப்பாக்கி சுடும் சங்கத்தில் இருபது வருடமாக அதுதான் அவர் வேலை: சுட்ட கூடுகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, மறுபடி மருந்து நிரப்பத் தேறுமா என்று சொல்வது. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். தேறாததற்கு ஒரு சீட்டு எழுதிப் பலகையில் குத்துவார். ‘காரணம்: அவசரம்.’ ‘காரணம்: கஞ்சத்தனம்.’ தங்கை வீட்டுக்காரருக்கே ‘காரணம்: சொல்பேச்சு கேளாமை’ என்று எழுதப்போய், மூன்று வருடமாக அந்த மனுஷன் இவரோடு பேசுவதில்லை. அதையும் பதக்கம் வாங்கினதுபோல் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருடைய ஒரே மகளைக் கட்டியவர் பேருந்து ஓட்டுநர். மாமனாரோடு பேச ஏதாவது ஒரு விஷயம் வேண்டுமே என்று சுடப் பழகியவர். பாவம், நிஜமாகவே நன்றாகச் சுட ஆரம்பித்துவிட்டார். சங்கத்துப் போட்டிக்கு முந்தின நாள் காலை மாமனாரை வீட்டுக்கு வரவழைத்து, சமையலறை மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் பயிற்சியில் சுட்ட கூடுகள். மற்றதில், அவற்றோடு சேர்த்து வாங்கி, அவற்றைப் போலவே பலமுறை சுட்ட கூடுகளில் மறுபடி நிரப்பிய நாற்பது தோட்டாக்கள்.

“ஒரு பார்வை பாத்துடுங்க மாமா. நாளைக்கு இதுதான்.”

முதல் கூட்டிலேயே கண் நின்றுவிட்டது. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு மெல்லிய வளையம். இரண்டாவதிலும் அதே. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினார். சரியாக அந்த இடத்தில் கம்பி தடக்கென்று மாட்டியது. உள்ளே பித்தளை அரைவாசி மெலிந்து பள்ளமாகிவிட்டது. அடுத்த வெடியில் கூடு இரண்டாகப் பிரியும். நெருப்புக் காற்று மருமகனின் கண்ணைப் பார்த்து வரும்.

பயத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி யாரையாவது திட்டுவது.

“மருந்தை அள்ளிக் கொட்டியிருக்கீங்க மாப்பிள்ளை!”

“அளவு நீங்க எழுதிக் குடுத்ததுதான் மாமா. துளிகூடக் கூட்டல.”

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகள் திரும்பாமலே சொன்னாள். “மருந்து அதிகமானா கூட்டோட அடியில இருக்கிற கேப் நசுங்கித் தட்டையாயிடும்னு பொண்ணு பாக்க வந்தப்பவே இவருக்குப் பாடம் எடுத்தீங்களேப்பா. கேப்பைப் பாருங்க.”

பார்த்தார். கேப்பின் விளிம்பு உருண்டையாக, பிறந்த குழந்தைபோல் இருந்தது. மருந்து குற்றவாளி இல்லை.

சுட்ட கூட்டையும் நிரப்பிய தோட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். நிரப்பியதன் தோள், அதாவது கூடு கழுத்தாகக் குறுகும் சரிவு, தேவைக்கு அதிகமாகக் கீழே அமுங்கியிருந்தது. அப்படியிருந்தால் துப்பாக்கிக்குள் கூடு தொளதொளவென்று உட்காரும். ஒவ்வொரு வெடிக்கும் இழுபட்டு அந்த ஓரிடத்தில் மெலியும். ஆக, கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கும் அச்சில்தான் கோளாறு.

பின்னறைக்குப் போனார். அச்சின் கழுத்தில் சிவப்புப் பெயின்ட் கோடு. பக்கத்தில் ஒட்டிய காகிதத்தில், ‘யாரும் தொடக் கூடாது.’ கையெழுத்து அவருடையதேதான். போன வருடம் அவரே வந்து அச்சை இறக்கி, “கால் சுற்று கூடுதலாப் போட்டா தோட்டா வெண்ணெய் மாதிரி உள்ள போகும்” என்று பெருமை பீற்றியது ஞாபகம் வந்தது.

முகத்தைக் கழுவினவர்போல் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“பித்தளை பழசு மாப்பிள்ளை. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க.”

“அவ்வளவுதானா? புதுக் கூடு நூறு இருக்கு மாமா. இப்பவே அதே அச்சுல போட்டு எடுத்துடறேன்.”

புதுக் கூடும் நாலைந்து வெடியில் இதே வளையம் போடும். அன்றைக்குக் கம்பி விட்டுப் பார்க்க இவர் பக்கத்தில் இருப்பாரோ என்னவோ.

“அந்த அச்சைத் தொடாதீங்க.”

“நான் தொட்டதே இல்லையே மாமா!”

“அதான் வினையே. தொட்டது நான்.”

மகள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு நழுவியது. மருமகன் மரியாதைக்கு ஜன்னலைப் பார்த்தார். அதுதான் அதிகமாக வலித்தது.

“சீட்டு எழுதுங்கப்பா.”

“வீட்டோட போகட்டும்மா.”

“அத்தை வீட்டு மாமாவுக்குப் பலகை, உங்களுக்கு வீட்டோடயா?”

மறுநாள் கடைத் தோட்டாவை வைத்துச் சுட்டு மருமகன் நாலாவதாக வந்தார், இரண்டு கண்ணும் பத்திரமாக. பலகையில் புதுச் சீட்டு தொங்கியது: ‘காரணம்: மாமனார்.’ முடிந்தவரை பொடி எழுத்தில்தான் எழுதியிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்காரர் வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

“எழுத்து சரியாத் தெரியல மச்சான். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க.”

கொடுத்தார்.