ஒரே கார்டு, இரண்டு டிரைவர்... சிவராஜ்

சிவராஜ் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... ஹார்ட் அட்டாக்.

குப்பனூர்க்காரர். தொண்ணூறுகளில் சேலத்தில் நாங்கள் இருவரும் இரண்டு போட்டி கம்பெனிகளில் கம்ப்யூட்டர் சர்வீஸ் இன்ஜினியர்கள். பார்த்தாலே சண்டைதான்.

அப்போது கம்ப்யூட்டரில் செருகும் நெட்வொர்க் கார்டை இயக்க இரண்டு வகை டிரைவர் புரோகிராம்கள். அவர் ஓடிஐ. நான் என்டிஐஎஸ். ஒன்று கார்டைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்றுக்கு இடமில்லை.

ஏற்காட்டில் ஒரு போர்டிங் ஸ்கூல். மார்க்கெல்லாம் அவர் போட்ட சர்வரில். பிரிண்டரோ நான் போட்ட நெட்வொர்க்கில். ஆபீஸ் கம்ப்யூட்டரால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட முடியவில்லை. மறுநாள் பெற்றோர் வருகிறார்கள்... ஒரு ரிப்போர்ட் கார்டுகூட அச்சாகவில்லை.

பிரின்சிபல் எங்கள் இருவரையும் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். பிரிண்டரைத் தூக்கிவந்து இதிலேயே நேரடியாக மாட்டும் பேச்சே கூடாது, சாயங்காலத்துக்குள் இரண்டும் சேர்ந்து ஓடாவிட்டால் ஒன்றைக் கழற்றிவிடுவேன் என்றார். யாருடையதை என்று சொல்லவில்லை.

அந்த ஸ்கூல் கைவிட்டுப் போனால் என் வேலையும் போகும். அவருக்கும் அதே நிலைமைதான்.

மதியம் வரை வாக்குவாதம். வேண்டாதபோது ஓடிஐயை மெமரியிலிருந்து இறக்கிவிடலாம், கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டாம் என்றார். விண்டோஸோடு ஒத்துப்போவது என்னுடையதுதான் என்றேன். இரண்டுமே உண்மை. பிரிண்டர் மட்டும் அசையவில்லை.

பிறகு பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தார். அவருடைய டிரைவர் மேலேயே என் நெட்வொர்க்கும் ஓடுவதற்கான ஒரு சின்ன புரோகிராம். ஆனால் அதற்கு, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது என் டிரைவரை ஏற்றும் வரியை எடுத்துவிட வேண்டும்.

"ஏனுங்க மேடம், அந்த வரிய நீங்களே எடுத்துருங்க. நான் கை வெச்சா நாளைக்கு என்னயத்தான் சொல்லுவீங்க."

என் கை கீபோர்டிலேயே நின்றது. ஏமாற்றுகிறாரோ... பின்னால் பிரின்சிபல் வேறு நின்றுகொண்டிருந்தார்.

"ஓடலீன்னா?"

"ஓடலீன்னா ரெண்டு பேரும் பஸ்ஸேற வேண்டியதுதானுங்க."

அழித்தேன். அவர் தன் புரோகிராமைப் போட்டார். அணைத்து ஆன் செய்தால், கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோனது. கருப்பு ஸ்கிரீன்.

அவருக்கும் வியர்த்திருந்தது. ஃப்ளாப்பியிலிருந்து ஆன் செய்து தேடியதில், இன்னொரு ஃபைலில் என் பழைய டிரைவரின் பெயர் அப்படியே கிடந்ததைப் பார்த்தேன். அவர் சொல்லச் சொல்ல அதை மாற்றி, மறுபடி ஆன் செய்தோம்.

பக்கத்து அறையில் பிரிண்டர் கிறீச்சிட்டது.

இனி யாரை வைத்துக்கொள்வது என்று பிரின்சிபல் அவரிடம்தான் கேட்டார். "ரெண்டு பேரும் இருந்தாத்தானுங்க இது ஓடும்" என்றார் சிவராஜ்.

மலை இறங்கும் பஸ்ஸில் நன்றி சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. சேலம் வரை ஓடிஐதான் உசத்தி என்று பேசிக்கொண்டே வந்தார்.

சில வருஷங்களில் எல்லா இடத்திலும் புது விண்டோஸ். ஓடிஐ கேட்பாரில்லை. அவர் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. ஒருநாள் போன் செய்தார்.

"உங்குளுது ஜெயிச்சிருச்சுங்க. நானும் கத்துக்கோணும், வரட்டுங்களா?"

எங்கள் ஆபீஸில் என் எதிர் டேபிளில் வந்து உட்கார்ந்தார். கம்பெனி மூடும் வரை அங்கேதான். சண்டையும் ஓயவில்லை.

குப்பனூருக்குக் கிளம்பிவிட்டேன் சிவராஜ்... போய் வாங்க.