ஷா போய்விட்டாரா?

எங்கள் மேல்வீட்டு பெஹ்ரூஸ் அண்ணை ஓர் அரசனை வீட்டுக்கு அனுப்பியவர். சிரிக்காதீர்கள். ஜெர்மனியின் இந்த எசன் நகரத்தில் பஸ் கழுவிப் பென்சன் எடுத்த மனிதர்தான். ஆனால் இளமையில் ஈரானின் அபதான் எண்ணெய் ஆலையில் வேலை. அரசர் ஷாவுக்கு எதிராக நாடே தெருவில் இறங்கியபோது, அந்த ஆலைத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு எண்ணெயை நிறுத்தினார்கள். அவர்களில் இவரும் ஒருவர். கடைசியில் ஷா விமானம் ஏறிப் போய்விட்டார். அன்றைக்குத் தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தார்களாம்.

அவருடைய மனைவி மஹீன் அக்கா அந்த நாளைத் தாண்டி வரவில்லை. மறதி நோய். மற்றதெல்லாம் அழிந்து, அந்த ஒரு நாள்தான் அவர் தலைக்குள் மிஞ்சிக் கிடந்தது. காலையில் கண் விழித்ததும் கேட்பார்: "ஷா ரஃப்த்?" ஷா போய்விட்டாரா என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பாரசீகம் இதுவும், "நா" என்றால் இல்லை என்பதும்தான்.

"ரஃப்த்," என்பார் அண்ணை. அக்கா கைதட்டுவார், என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் தருவார். பிறகு வரும் அந்தப் பாழாய்ப்போன அடுத்த கேள்வி. அப்படியென்றால் ஹமீத் எங்கே?

ஹமீத், அக்காவின் தம்பி. ஷாவின் சிறையில் கிடந்தவன், புரட்சியில் கதவு திறக்க வெளியே வந்தான். கொஞ்சக் காலத்தில், புதிதாய் ஆட்சிக்கு வந்தவர்கள் அவனைப் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். அதன்பிறகுதான் இவர்கள் ஜெர்மனிக்கு ஓடிவந்தது.

உண்மையைச் சொன்னால் அன்றுதான் செத்த வீடு என்பதுபோல் அக்கா தலையில் அடித்து அழுவார். மறுநாள் மறந்துவிட்டு மறுபடி கேட்பார். நாளைக்கு வருவான் என்றால் யன்னலடியில் இருந்துகொண்டு தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். உடம்பு ஈர்க்குச்சியாகிவிட்டது. காணாமற்போன என் அண்ணனுக்காக அம்மா அப்படித்தான் இருந்தார். அதனால் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வரும்.

"என்ன மனுசன் நீங்கள்? ஏதாவது செய்யுங்கோ அண்ணை, அவ சாகப்போறா," என்று ஒருநாள் படியில் வைத்து ஏசினேன். எங்களுக்குள் பேச்சு டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில்தான். என்ன மொழியில் ஏசினாலும் எனக்கு யாழ்ப்பாணத்து ஏச்சுத்தான் வரும். அவர் கைப்பிடியைப் பிடித்துப் படியேறிப் போய்விட்டார்.

மறுநாள் காலை சூப்போடு மேலே போனேன்.

"ஷா ரஃப்த்?" அக்கா கேட்டார்.

"நா," என்றார் அண்ணை.

ஷா போகவில்லையாம்! அக்காவின் முகம் கறுத்தது. ஏதோ கேட்டார், அண்ணை மெல்லப் பதில் சொன்னார். அக்கா பெருமூச்சு விட்டு, என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் குடிக்கத் தொடங்கினார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"ஹமீத் சிறையில சுகமா இருக்கிறான் எண்டு சொன்னன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஷா இருந்தாத்தானே, சுபானி, அவனும் இருப்பான்."

ஐயோ, அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. உயிரைப் பணயம் வைத்து இறக்கிய அரசனை, மனிதர் தன் வாயாலேயே திரும்ப ஏற்றி வைத்துவிட்டார்.

சூப் உள்ளே போனதும் அக்காவுக்குத் தெம்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. விரலை நீட்டிப் பொரிந்து தள்ளினார். அண்ணை எழுந்து கோட்டைப் போட்டார், குனிய ஏலாத முதுகோடு சப்பாத்தைக் கட்டினார்.

"எங்கயண்ணை போறியள்?"

"ஷா இருக்கேக்க வீட்டில என்ன வேலை, ஊர்வலத்துக்குப் போ எண்டு ஏசுறா."

"தனியப் போனா என்ன ஊர்வலம்? நில்லுங்கோ, நானும் வாறன்."

வெளியே மழை தூறியது. இரண்டு பேரும் நடுத்தெருவில் இறங்கி நடந்தோம். மேலே யன்னலில் அக்கா கைமுட்டியை உயர்த்திக் காட்டினார். அண்ணையும் தன் முட்டியை உயர்த்தினார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

"ஷா விழக்கூடாது, சுபானி," என்றார். "இனி ஒருநாளும் விழக்கூடாது."