மாறிக்கொண்டே இருந்த மேல்பக்கம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மார்க்கர் போட்டுக்கொண்டிருந்தவள் நான். துணி வீணாகாமல் கையையும் கழுத்தையும் முதுகையும் நெருக்கி அடுக்கும் வேலை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். கல்யாணமாகி உக்கடம் பக்கம் குடி வந்த பிறகு, கிணத்துக்கடவு போகும் ரோட்டில் ஒரு கம்பெனியில் அதே மாதிரி வேலை கிடைத்தது. இங்கே துணி மட்டும் வேறு, கண்ணாடி நார். வெட்டிய துண்டுகளை அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி ரெசின் என்ற பசையில் இறுக வைத்தால் காற்றாலையின் தலைக்கு மூடியாகும். உடுமலைப்பேட்டைப் பக்கம் காட்டுக்குக் காடு சுற்றிக்கொண்டிருக்கின்றனவே, அவற்றுக்குத்தான்.

சாஃப்ட்வேரில் ஒவ்வொரு துணிக்கும் செட்டிங் உண்டு. அகலம் எவ்வளவு, நார் எந்தத் திசையில் ஓடுகிறது, ரோலை விரித்தால் எந்தப் பக்கம் மேலே வரும் என்று எல்லாம் அதில் இருக்கும். மேல்பக்கம் தப்பாக இருந்தால் இடது துண்டு வலது துண்டாக வெட்டுப்பட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது. அச்சில் வைக்கும்போதுதான் தெரியும்.

எனக்குக் காலை ஷிப்ட். மதியத்துக்கு மேல் வருகிறவருக்கும் அதே கம்ப்யூட்டர், அதே லாகின். என்னைவிட மூத்தவர், வெட்டும் மெஷினில் பல வருஷம் இருந்தவர். இந்த நாற்காலி தனக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தாராம். சேர்ந்த வாரமே அதை என் காதில் போட்டுவிட்டார்கள்.

ஒருநாள் அச்சில் துண்டுகளைப் பரப்பும் மோல்டிங்கில் இருந்து ஒரு அக்கா துண்டோடு வந்தார். "ஏனுங்க, இதைப் பாருங்க. திருப்பிப் போட்டாத்தான் அச்சுல உக்காருது. திருப்புனா நார் மாறிப்போகுது."

செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். மேல்பக்கம் என்று நான் வைத்திருந்தது கீழ்பக்கம் என்று இருந்தது. சரி செய்தேன். மறுநாள் காலையில் மறுபடியும் கீழ்பக்கம். அதற்கடுத்த நாளும் அப்படியே.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்மா. கவனிச்சுட்டே இருங்க. ஏதாச்சும் தெரிஞ்சா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

'மட்டும்' என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அந்த மதிய ஷிப்ட் மனுசன் என்ன செய்தாலும் அதில் ஏதோ இருப்பதாகவே எனக்குப் பட்டது. "சாப்பிட்டீங்களா அம்மணி" என்று கேட்டால், எதற்குக் கேட்கிறார் என்று யோசித்தேன். நான் கேட்டைத் தாண்டும் வரைக்கும் நாற்காலியில் உட்காராமல் நிற்பார். ஒருநாள் குடையை மறந்து திரும்பி வந்தபோது, திரையில் இருந்ததைச் சட்டென்று மூடினார். அது போதுமாக இருந்தது எனக்கு.

"என் வேலைக்கு வேட்டு வெக்கறாருங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நேரா கேட்டுற வேண்டியதுதானே?" என்றார் அவர்.

கேட்கவில்லை. செட்டிங்குக்கு பாஸ்வேர்டு போட்டேன்.

அன்றைக்கு நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மதிய ஷிப்ட்காரர் ஸ்டாப் வரைக்கும் வேர்க்க வேர்க்க நடந்து வந்துவிட்டார்.

"நீங்க பூட்டுனதைத் தொறந்து உடுங்க. இல்லாட்டி அத்தனை துண்டும் மாத்தி வெட்டிப்போடும்."

"எதுக்குங்ண்ணா தொறக்கோணும்? நான் சரியாத்தானே வெச்சுட்டு வந்தேன்."

"சரியாவா?" அவர் குரல் உயரவே இல்லை. "தெனமும் மாத்தி வெச்சுட்டுப் போறது நீங்க. நாந்தானுங்க ஒக்காந்து சரி பண்ணிட்டிருக்கறேன்."

பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நேரிலேயே காட்டிவிடலாம் என்று கூடவே திரும்பி நடந்தேன்.

மெஷினில் அவருடைய ரோல் ஏறியிருந்தது. துணியைக் கொஞ்சம் இழுத்து விரித்தேன். நாரைப் பிடித்து வைக்கிற தையல் மேலே வளைந்து வளைந்து ஓடியது. என் ரோலில் மேலே நேர்கோடாக ஓடும். வளைந்த தையல் அடியில் இருக்கும். ஸ்டோரில் சொல்லி என் ரோலையும் கொண்டுவரச் செய்து பக்கத்தில் விரித்தோம். ஒன்றின் மேல்பக்கம் மற்றதன் கீழ்பக்கம்.

பெரிய மூடிகளெல்லாம் மதிய ஷிப்டில். அதற்கென்று நீளமான ரோல்களைப் புதிதாக வேறொரு சப்ளையரிடம் வாங்கியிருந்தார்கள். அவன் துணியை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறான். எடையும் அகலமும் ஒன்றாக இருந்ததால் சாஃப்ட்வேரில் இரண்டுக்கும் ஒரே பெயர். அவர் அவருடைய ரோலுக்குச் சரியாக வைத்தார், நான் என்னுடையதற்கு. முதல்முறை மட்டும் அவர் மாற்றியிருந்ததை நான் பார்க்காமல் வெட்டக் கொடுத்திருந்தேன், அந்தத் துண்டுதான் மோல்டிங்கில் இருந்து திரும்பி வந்தது.

நான் போய் பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன்.

"நான் அப்பவே மேனேஜர்கிட்டச் சொன்னனுங்க" என்றார் அவர்.

"என்னன்னு?"

"அம்மணி செட்டிங்கை மாத்தறாங்கன்னு. யாருகிட்டயும் சொல்லாதே, கவனிச்சுட்டே இருன்னாரு. உங்ககிட்டக் காட்டிக்க வேண்டாம்னுதான் அன்னிக்கு நீங்க குடைக்குத் திரும்பி வந்தப்ப மூடுனேன்."

"எங்கிட்டயும் அதையேதானுங்க சொன்னாரு" என்றேன்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே மேனேஜரிடம் போனோம். அவர் அசரவில்லை. "நல்லதுதானே. ரெண்டு பேரும் உஷாரா இருந்தீங்கல்ல?" என்றார். புது ரோல்களுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர்தான். சுற்று மாறியிருப்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்துதான் எங்களில் ஒருவர்மேல் மற்றவரை ஏவிவிட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

துணிக்குத் தனித்தனிப் பெயர் வைத்தோம். செட்டிங்கைத் தினமும் மாற்றுவது நின்றது. நாங்களும் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம்.

கொஞ்ச நாள் கழித்து மேனேஜர் போனில் கூப்பிட்டார். "மதிய ஷிப்ட்ல மெஷின் ரொம்ப நேரம் சும்மா நிக்குதாம். என்னன்னு கொஞ்சம் பாருங்கம்மா."

"அவரையே கேட்டுருங்க சார்" என்று போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் ஷிப்ட் மாறும்போது அதை அவரிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"போன வாரம் மேனேஜர் உங்களைப் பத்தி எங்கிட்டக் கேட்டாருங்க."

என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உக்கடம் வந்து இறங்கும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.