மோந்து பார்க்கக் கூடாத பூ

பள்ளி அறிவியல் பாடத்துக்காக மல்லிகையை ஊறப்போட்ட பாட்டிலை மகள் திறந்தாள். வாசம் ஈசூனில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீடு முழுக்கப் பரவியது. வாசம் நல்லதுதான், ஆனாலும் நான் சட்டென்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பில் நானும் இதே வாசனைத் தண்ணீர் செய்திருக்கிறேன்.

அப்போது அம்மா ஃபேரர் பார்க் பக்கம் பூக்கடையில் மாலை கட்டினார். கடையில் யாரும் பூவை மூக்கருகே கொண்டுபோக மாட்டார்கள். எனக்கு உதிரிப்பூ தந்தபோதும், "சாமிக்குப் போற பூ, மோந்து பாக்காத" என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே ஊறப்போட்டேன். ஒரு வாரம் திறக்கவேயில்லை.

வகுப்பில் டீச்சர் திறந்ததும் அழுகல் நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள்.

"நீ மோந்து பாக்கலையா?"

"அம்மா கூடாதுன்னாங்க, டீச்சர்."

"திங்கக்கிழமை வேற கொண்டா. இல்லன்னா மார்க் இல்ல."

வீட்டில் அழுதேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "சாமிக்குன்னாதான் கூடாது. இது டீச்சருக்குத்தானே லா."

ஞாயிறன்று புதுப் பூ ஊறியதும் அம்மாவே பாட்டிலைத் திறந்து, கண்ணை மூடி முகர்ந்தார். அவர் பூவாசத்தை முகர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"நல்லாருக்கா மா?" பயத்தோடு கேட்டேன்.

"இரு" என்று மறுபடியும் முகர்ந்தார்.