எதிரணி வலையில் நின்றவள்

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். நான் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன், எத்தனை மணிக்கு மழை தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது என்பது வரை அதில் இருக்கும். வீட்டில் யாராவது காத்துக்கருப்பு என்று பேச்செடுத்தால் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். நான் சொல்லப் போவது நடந்தது பட்டப்பகலில், மாலை மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தே முக்காலுக்குள், மைதானம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ராஜமாணிக்கம் சார். ஆண் பயிற்சியாளர் என்றால் பெண்கள் அணியுடன் ஒரு பெண் மேலாளர் போக வேண்டும், அது விதி. கணக்காக இருக்கிறவள் என்று என்னை அனுப்பினார்கள். டிக்கெட், அடையாள அட்டை, மருந்துப் பெட்டி, கடைசியில் அறிக்கை, இவ்வளவுதான் என் வேலை. பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதே எனக்கு இரண்டாம் வருடம்தான் புரிந்தது.

எங்கள் கோல்கீப்பர் ஜெனிட்டா. கட்டுமாவடிப் பெண், அப்பா இல்லை, அம்மா செபஸ்தியம்மாள் மீன் விற்கிறவர். வலை இழுத்துப் பழகிய கைகள் அவளுக்கு. பந்து வரும் முன் கையுறைகளை இரண்டு முறை தட்டுவாள், டப், டப் என்று. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் பெண்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

மண்டலப் போட்டியின் அரையிறுதியில் எதிரணிப் பெண்ணின் முழங்கால் ஜெனிட்டாவின் நெற்றிப்பொட்டில் இடித்தது. இடைவேளையில் கூடாரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். நான்தான் முகம் கழுவிவிட்டேன்.

"மேடம், போஸ்ட் ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள்.

நான் போய் ராஜமாணிக்கம் சாரிடம் சொன்னேன். மாற்றுக் கோல்கீப்பர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டா தெரிஞ்சா நல்லதுதானே மேடம், ரெண்டையும் காப்பாத்துவா" என்றார். "அவ கீப்பரு, ஓடவா போறா? நீங்க மருந்துப் பெட்டியப் பாருங்க."

ஜெனிட்டா ஆடினாள். அணி வென்று தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. மூன்றாம் நாள் காலை, ஊரில், மீன் கூடையைத் தலையில் தூக்கி வைத்தவுடன் சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

கல்லூரி அறிக்கை கேட்டது. ராஜமாணிக்கம் சார் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "ஆட்டத்துல அடிபடலைன்னு எழுதுங்க. இல்லேன்னா டீமையே தடை பண்ணிருவாங்க. மிச்சப் புள்ளைங்க வேலைக்குப் போறதே இந்த சர்டிபிகேட்ட நம்பித்தான். செத்தவளுக்காக இருக்குறவளுகளக் கொல்லப் போறீங்களா?"

எழுதினேன். 'போட்டியின்போது வீராங்கனைக்குக் காயம் எதுவும் ஏற்படவில்லை.' அதோடு நிற்கவில்லை. அன்றைய என் நாட்குறிப்பில் வாந்தி, போஸ்ட் இரண்டாகத் தெரிந்தது எல்லாம் எழுதியிருந்தேன். இரண்டு பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது என்று அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அறிக்கையில் உள்ளபடியே மறுபடி எழுதி ஒட்டினேன். என் குணம் அப்படி.

அடக்கத்தின்போது செபஸ்தியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை எந்தப் பக்கத்திலும் நான் எழுதவில்லை. "நான்தான் டீச்சர் கொன்னுட்டேன். தல வலிக்குதும்மான்னா. சோம்பேறித்தனம்னு நெனச்சு கூடையத் தூக்குடின்னேன்."

எட்டு மாதம் கழித்து, தேசியப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிரே வடகிழக்கிலிருந்து வந்த அணி. ராஜமாணிக்கம் சார் ஜெனிட்டாவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து மேடையில் கட்டினார். 'இந்தக் கோப்பை உனக்காக' என்று எழுதியிருந்தது. அவள் அம்மாவைக் கார் அனுப்பி வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார், கோப்பையை அந்த அம்மா கையில் கொடுத்துப் படம் எடுப்பதாக ஏற்பாடு.

ஆட்டம் தொடங்கி ஏழாவது நிமிடம். எங்கள் கேப்டன் கவிப்பிரியா, பொன்னமராவதிப் பெண், எதிரணிக் கோல்கீப்பரையும் தாண்டிப் போய்விட்டாள். முன்னால் வெறும் வலை. தள்ளிவிட்டாள். பந்து கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நின்றது. உருண்டு வந்து நிற்பது போல அல்ல, யாரோ பிடித்து நிறுத்தியது போல. அதற்கு ஒரு நொடி முன்பு எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டப், டப்.

முதல் பாதியில் ஆறு முறை இப்படி நடந்தது. நான் குறித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பந்து காற்றிலேயே திசை மாறியது. எனக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அந்தக் கீப்பர் புள்ளைக்கு எத்தன கையிய்யா?" என்றார் ஒருவர். "கை இருக்கட்டும், நம்ம புள்ளைங்களுக்குக் கால் இருக்கான்னு பாரு" என்றார் இன்னொருவர். ராஜமாணிக்கம் சார் கோட்டோரம் நின்று, "வலை அங்கிட்டு இருக்குடி, என்னத்தப் பாத்து அடிக்குறீங்க" என்று திட்டிக்கொண்டே இருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். காற்று, தரை, மேடு பள்ளம் என்று நான் வைத்திருந்த காரணங்கள் எல்லாம் அதோடு போயின, ஏனென்றால் அதுவும் பக்கம் மாறிவிட்டது. இந்த முறையும் எதிரணி வலைதான். இன்னும் ஐந்து பந்துகள். எதிரணிக் கோல்கீப்பர், பாவம், சின்னப் பெண், தன் கையுறைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது, கூடுதல் நேரமும் முடிந்தது. பெனால்டிக்குப் போவதற்கு முன் தண்ணீர் குடிக்க வந்த கவிப்பிரியா என் பக்கத்தில் குந்தினாள். அவளுக்கு இந்தக் கோப்பை வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உறுதி.

"மேடம், ஜெனி நிக்கிறா" என்றாள். "எங்க மேல அவளுக்குக் கோவமில்ல. சாரத்தான் அடிக்குறா. நடுவுல நாங்க நிக்கிறோம். நீங்க ஏதாச்சும் பண்ணுங்க."

என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. எழுந்து போய் செபஸ்தியம்மாள் முன்னால் நின்று சொன்னேன். முழங்கால் இடித்தது, வாந்தி, போஸ்ட் இரண்டாகத் தெரிந்தது, ராஜமாணிக்கம் சார் சொன்னது, நான் எழுதியது, எல்லாவற்றையும் வரிசையாக. "கூடையினால இல்லம்மா" என்றேன். சொல்லிவிட்டால் ஜெனிட்டா விட்டுவிடுவாள், பெண்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று நினைத்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

அந்த அம்மா அழவில்லை. "எட்டு மாசம்" என்றார். முந்தானையைச் செருகிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து போய் கோல் வலைக்குப் பின்னால் நின்றார். நானும் பின்னாலேயே ஓடினேன். பெனால்டிக்கு இரண்டு அணிகளுக்கும் ஒரே வலைதான்.

வலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே யாரோ நிற்பது போல, மெதுவாகச் சொன்னார்.

"ஏடி ஜெனி. அம்மா நிக்கிறேன். ஒண்ணையும் விடாத."

எதிரணி அடித்த மூன்றும் உள்ளே போயின. நாங்கள் அடித்த மூன்றும் போகவில்லை. மூன்றாவது கவிப்பிரியா அடித்தது. எதிரணிப் பெண் தவறான பக்கம் பாய்ந்து தரையில் கிடந்தாள், பந்து நேராக நடுவில் போய், நின்று, அடித்த இடத்துக்கே திரும்பி வந்தது. நான் வலைக்கு மூன்று அடி தூரத்தில் இருந்தேன்.

ஆட்கள் கலைந்த பிறகு ராஜமாணிக்கம் சார் பெண்களை வரிசையாக நிற்கவைத்தார். "பேய் நிக்குதாம்ல, பேய். இப்ப நான் அடிக்கிறேன், பாருங்கடி" என்று பந்தை வைத்து ஆளில்லாத வலையை நோக்கி அடித்தார். அடித்த வேகத்தில் அது திரும்பி வந்து அவர் நெற்றிப்பொட்டில் இடித்தது. உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கூடாரத்துக்குப் பின்னால் போனார். அவர் வாந்தி எடுக்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போன என் கையை செபஸ்தியம்மாள் பிடித்து நிறுத்தினார். நான் நின்றுவிட்டேன்.

மறுநாளே உண்மையை எழுதிக் கல்லூரிக்குக் கொடுத்தேன். விசாரணை நடக்கிறது. ராஜமாணிக்கம் சார் உயிரோடுதான் இருக்கிறார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள், ஆனால் வெளிச்சம் ஆகாது, எல்லாம் இரண்டாகத் தெரிகிறதாம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். கவிப்பிரியா ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

செபஸ்தியம்மாள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் அழைப்பார். "இந்த வாரமும் ஜெனி வந்தா டீச்சர், அந்தாளு பேரத்தான் சொல்லிக்கிட்டிருந்தா" என்பார். துக்கம் மனிதர்களை அப்படிப் பேசவைக்கும் என்று நானும் கேட்டுக்கொள்வேன்.

போன ஞாயிறு அழைத்தபோது குரல் அமைதியாக இருந்தது.

"அவரு பேரச் சொல்றத நிறுத்திட்டா டீச்சர்."

"நல்லதுதானம்மா."

"ஒங்களக் கேட்டா. வீடு எங்கிட்டு இருக்குன்னு கேட்டா. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்." அதே குரலில் கேட்டார். "எங்கிட்டு டீச்சர் ஒங்க வீடு?"

நான் இன்னும் சொல்லவில்லை.