பதினோரு ஆணிகள்

முப்பிடாதி குடியேறிய கோலிக்கு, பம்பாய்க்காரர்கள் கோலி என்று சொல்லும் அந்த இரண்டறை வீட்டுக்கு, இரண்டு கதவுகள். ஒன்று தாராவியின் சந்து ஒன்றைப் பார்த்தது. மற்றது பின்னால், அடுக்களையில். பின்கதவில் மேலிருந்து கீழ்வரை பதினோரு ஆணிகள் அடிக்கப்பட்டிருந்தன. ஆணித் தலைகளை இணைத்து மஞ்சள் கயிறு சுற்றி, நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தியிருந்தார்கள். அது காய்ந்து கறுத்துப் புளியங்கொட்டை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில், தென்காசிப் பக்கத்திலிருந்து, பூலோகத்துக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் அவள். பூலோகம் தோல் கிடங்கில் வேலை பார்த்தான். முதல் தாரம் இசக்கி அதே அடுக்களையில் எரிந்து செத்துப்போனாள் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். எப்படிச் செத்தாள் என்பதைத் தண்ணீர்க் குழாயடியில் அம்மிணி என்ற பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள்.

இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருந்த நிலைப்படியை ஒட்டித்தான் பம்ப் ஸ்டவ் இருந்தது. ஒருநாள் காலை ஸ்டவ் அடைத்துக்கொண்டது. இசக்கி ஊசியால் குத்திவிட்டு மறுபடி காற்று அடித்தாள். சீமெண்ணெய் பீறிட்டு நிலைப்படியில் தீப்பிடித்தது. முன்னால் போக வழியில்லை. பின்கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. கதவைக் கையால் அடித்தாள். பின்சந்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஒருவன் கடப்பாரை தேடிப் போனான். அவன் வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

அவள் செத்துப் பத்து நாள் கழித்து, பின்கதவு மறுபடி தட்டப்படுவதாகப் பேச்சு எழுந்தது. பின்சந்தில் பெருச்சாளிகள் தோல் மூட்டைகளை இழுத்து உருட்டுவதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சுனாபட்டியிலிருந்து ஒரு கோடாங்கி வந்து உடுக்கடித்து, இசக்கி வெளியே நிற்கிறாள், உள்ளே வர வழி கேட்கிறாள் என்று சொல்லி, ஆணிகளை மந்திரித்து அடித்துவிட்டுப் போனான். உயிரோடு இருந்தவள் தட்டியபோது திறக்காத கதவை, செத்தவள் தட்டுகிறாள் என்று அடைத்தார்கள். தாழ்ப்பாளுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட அந்தச் சந்தில் ஒரு ஆம்பளைக்கும் தோன்றவில்லை.

இசக்கி உட்கார்ந்த இடத்தில்தான் இப்போது முப்பிடாதி உட்கார்ந்தாள். ஸ்டவ் பழைய இடத்திலேயே இருந்தது. பேய்க்கதவுப் பக்கம் அடுப்பு வைக்க யாருக்கும் துணிவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆணி, முகத்துக்கு முன்னால் நெருப்பு. அந்த நெருப்புக்கு அப்பால்தான் வெளியே போகும் வழி. ஒவ்வொரு முறை காற்று அடிக்கும்போதும் அவள் கை தானாக எண்ணும். இருபதுக்கு மேல் அடிக்கமாட்டாள். அரிசி வேக நேரமானால் ஆகட்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, ஒரு காலை ஊன்றி, எழுந்து ஓடத் தயாராகத்தான் உட்காருவாள். ஓட இடமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

பூலோகம் குடிகாரனோ அடிக்கிறவனோ அல்ல. பயந்தவன். முப்பிடாதி ஆணியைப் பிடுங்கச் சொன்னபோது அவன் கதவைப் பார்க்காமலே சொன்னான்.

"ஏட்டி, அவ உள்ள வந்தா மொதல்ல ஒன்னத்தான் புடிப்பா."

"அவ வாரதுக்கு முந்தி தீ வந்துரும்" என்றாள் முப்பிடாதி.

அன்று வெற்றிலை வாங்கி வந்து கொடுத்தான்.

மறுவருடம் ஆண்டாப் ஹில் பக்கம் குடிசைகள் வரிசையாக எரிந்தன. அதன் பிறகு முனிசிபாலிட்டியிலிருந்து வீடுவீடாகத் தீ ஆபத்தைச் சோதிக்க ஆள் வந்தது. மராட்டிக்கார அதிகாரி ஒருவர். அவருக்கு மொழிபெயர்க்க மாதுங்காவிலிருந்து கோமதிநாயகம் என்ற குமாஸ்தா. திருநெல்வேலி டவுன்காரர், பி.ஏ. படித்தவர். பூலோகம் வேலைக்குப் போயிருந்த நேரம் அது. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்களை வரை வந்தார். கோமதிநாயகம் வாசலிலேயே நின்றார். தாராவி ஜனங்களின் வீட்டுக்குள் கால் வைக்க அவருக்கு மனமில்லை. மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு அங்கிருந்தபடியே மொழிபெயர்த்தார்.

அதிகாரி ஒவ்வொன்றாக எழுதினார். கட்டிலுக்கு அடியில் சீமெண்ணெய் டின். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த மின்கம்பி, உறை உரிந்து, துணி காயப்போடும் கொடியோடு பின்னிக் கிடந்தது. பரணில் விறகும் சாக்கும். நிலைப்படியை அடைத்த ஸ்டவ். முப்பிடாதி அவர் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஒரு வருடமாகத் தனியாகப் பார்த்துப் பயந்ததையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் வந்து சரியாகப் பார்ப்பது அவளுக்கு அதிசயமாக இருந்தது.

கடைசியில் அவர் பின்கதவைக் காட்டி ஏதோ கேட்டார். கோமதிநாயகம் சற்றுத் தயங்கி மராட்டியில் பதில் சொன்னார். அதில் 'சோர்' என்ற சொல் மட்டும் அவளுக்குப் புரிந்தது. குழாயடிச் சண்டையில் தினமும் கேட்கிற சொல்தான். திருடன் பயத்துக்கு அடைத்திருக்கிறார்கள் என்கிறார். அதிகாரி தலையாட்டிவிட்டுத் தாளை மடித்தார்.

"ஐயா, அது திருடனுக்காக இல்ல" என்றாள் அவள்.

"பேசாம இரு தாயி. நம்ம ஊரு விசயம் இவருக்கு எதுக்கு? அதத் தொட்டா ஒனக்கும் கேடு, தொடச் சொன்ன எனக்கும் கேடு."

கோமதிநாயகத்தின் மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். இந்த மனிதர் பொய் சொன்னது பூலோகத்துக்காக அல்ல, அவருக்கே பயம்.

முப்பிடாதி அதிகாரியின் பக்கம் திரும்பினாள். அந்நிய ஆணிடம் அதுவரை அவள் பேசியதில்லை. குழாயடியில் பொறுக்கிய இந்தியை வரிசைப்படுத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சாப், ஆக் லகா தோ மை கிதர் ஜாயேகா?"

தீப்பிடித்தால் நான் எங்கே போவேன்? அதிகாரி ஸ்டவ்வைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கிட்டே போய் ஓர் ஆணியை அசைத்துப் பார்த்தார். காய்ந்த எலுமிச்சம்பழம் உதிர்ந்து விழுந்தது. பி.ஏ. படித்த கால்கள் இரண்டும் வாசலிலிருந்து சந்துக்குத் தாவிவிட்டன. அதிகாரி அங்கேயே நின்று எழுதினார்: பதினைந்து நாளுக்குள் பின்கதவைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் கோலியைக் காலி செய்ய வேண்டும்.

அந்தப் பதினைந்து நாளில் முதல் நாலு நாள் முப்பிடாதி பாட்டு முனகிக்கொண்டே சமைத்ததாக அம்மிணி பிற்பாடு சொன்னாள்.

ஐந்தாம் நாள் பூலோகம் கோடாங்கியிடம் ஓடினான். கட்டை அவிழ்த்தால் உயிர் பலி கேட்கும் என்றான் கோடாங்கி. பூலோகத்துக்குக் கோலியும் போகக் கூடாது, ஆணியும் போகக் கூடாது. தவித்துப்போய்க் கோமதிநாயகத்தின் வீட்டைத் தேடிப் போனான். அவர்தான் வழி சொன்னார்.

"கதவுன்னு ஒண்ணு இருந்தாத்தானே பூலோகம், தொறக்கச் சொல்லுவான்?"

பத்தாம் நாள் கொத்தனார் வந்தான். ஆணியைத் தொடாமல், கயிற்றைத் தொடாமல், கதவுக்கு உட்புறமாகச் செங்கல் அடுக்கினான். முப்பிடாதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வரிசை ஏறியது. பிறகு, கலவை பிசைந்துகொண்டிருந்த புருஷனிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"மூணாவது பொண்டாட்டிக்கு ஊர்ல சொல்லி வச்சிட்டியளா?"

கொத்தனார் கரண்டியை நிறுத்தினான். பூலோகம் குனிந்த தலை நிமிரவில்லை. ஆனாலும் அவன் கை கலவையைப் பிசைவதை நிறுத்தவில்லை. கெடு முடிந்த அன்று வேறொரு ஆள் வந்து பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. சுவரைத் திறக்கச் சொல்ல அவன் தாளில் இடமில்லை. சரி என்று குறித்துவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் முப்பிடாதி ஸ்டவ்வைத் தூக்கினாள். நிலைப்படியை விட்டு, அடுக்களையின் கோடிக்குக் கொண்டுபோய், ஈரம் காயாத அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பற்றவைத்தாள். அம்மிணி எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பூலோகம் நிலைப்படிக்கு இப்பால் நின்று, "ஏட்டி, அங்க அவ..." என்று இழுத்தான்.

"இருந்தா இருக்கட்டும். இனி நெருப்பு அவ பக்கம், வழி என் பக்கம்."

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டான்.

பின்கதவின் இடுக்கில் முன்பு கொஞ்சம் காற்று வந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. புகை போக இடமின்றி மேலே சுற்றிக் கீழே இறங்கும். மழைக்காலத்தில் கண் திறக்க முடியாது. அந்தக் கோலியில் முப்பிடாதி மேலும் பதினான்கு வருடம் இருந்தாள், இரண்டு பெண்களைப் பெற்றாள். சமைக்கும்போது அந்தப் பெண்களை நிலைப்படி தாண்டி அடுக்களைக்குள் வரவிடமாட்டாள். கண்ணீர் வழிய, செங்கலைப் பார்த்தபடி, ஒன்று இரண்டு என்று எண்ணிக் காற்று அடிப்பாள்.