அங்கம்மாள் போடாத பூட்ஸ்

சேலத்து நூல் மில் ஒன்றில் பதினோரு வருஷம் மண்டியிட்டுத் தரை தேய்த்தவள் அங்கம்மாள். தேங்காய் மட்டையும் சலவைச் சோடா கரைத்த தண்ணீரும்தான் ஆயுதம். "இவ தேச்ச எடத்துல சோறு போட்டுத் திங்கலாம்" என்பார் மேஸ்திரி செங்கோடன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவள் நிமிர்ந்து நடந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்துமூன்றில் தரை தேய்க்கும் கரண்டு மிசின் வந்தது. அடியில் வட்டப் பிரஷ், மேலே இரும்புக் கைப்பிடி, பின்னால் முப்பதடி ஒயர். மேஸ்திரி அதைப் புதிதாகச் சேர்ந்த பெரியநாயகியிடம் கொடுத்தார். கூடவே ரப்பர் பூட்ஸ். உலகச் சண்டைக்காலம், ரப்பருக்குத் தட்டுப்பாடு, அந்த ஒரு ஜோடிதான் கிடைத்தது.

அங்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"கலெக்டர் பொண்டாட்டி வாராங்க, வழி உடுங்க!" என்பாள். பெரியநாயகி சிரித்துக்கொண்டே போவாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிந்தது.

ஆயுத பூசைக்கு மிசினுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். மறுநாள் பெரியநாயகிக்கு மணிக்கட்டு சுளுக்கு.

"இன்னிக்கு நீ ஓட்டு, அங்கம்மா" என்றார் மேஸ்திரி.

பெரியநாயகி பூட்ஸைக் கழற்றி நீட்டினாள். "போட்டுக்கோங்கக்கா. ஈரத்துல வெறுங்காலோட நிக்காதீங்க. ஒயரத் தோள்ல போட்டுக்கோங்க."

"பொட்டு வெச்ச மிசினச் செருப்புக் காலோட தொடுவாங்களா புள்ள? சாமி குத்தம்."

நின்றவர்கள் தலையாட்டினார்கள். மேஸ்திரியும் மறுக்கவில்லை. சாமி குத்தமெல்லாம் சாக்கு. பெரியநாயகி கால் நுழைந்த பூட்ஸில் தன் கால் நுழையக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்று வரிசை நன்றாகவே ஓட்டினாள். பெரியநாயகி பார்க்கிறாளா என்று திரும்பிய நேரத்தில் ஒயர் பிரஷ்ஷுக்கடியில் போய்க் கிழிந்தது. சோடாத் தண்ணீர், வெறுங்கால், இரும்புக் கைப்பிடி. கரண்டு பாய்ந்தால் கை விரியாது, இறுகும். அவளால் கத்தவும் முடியவில்லை.

பெரியநாயகி அவளைத் தொடவில்லை. சுவரில் இருந்த சுவிட்சுக்கு ஓடி, சுளுக்கிய கையாலேயே இழுத்தாள்.

அங்கம்மாள் பிழைத்தாள். வலக்கையில் இரண்டு விரல் அப்புறம் மடங்கவேயில்லை. மட்டையும் போயிற்று, மிசினும் போயிற்று.

விசாரணையில் பெரியநாயகி, "ஒயரத் தூக்கிப் புடிக்காம நின்னது நாந்தானுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைக் கேள்விப்பட்டு அங்கம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "உசுரையும் அவளே குடுத்தா, பழியையும் அவளே எடுத்துக்கிட்டா. எனக்குன்னு என்னத்த உட்டு வெச்சா?"

நாற்பத்தெட்டில், அங்கம்மாள் சாகிற வாரத்தில், பெரியநாயகி தினமும் கஞ்சி கொண்டுவந்தாள். அங்கம்மாளின் மகன் காய்ச்சியது என்று பொய் சொல்லித்தான் ஊட்ட வேண்டியிருந்தது.